உதடு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்: ஆராதனை முறைமையை விடணுமா, வச்சுக்கணுமா?

பனைவிடலி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முறைமையை, அதாவது புத்தகத்தில் அச்சடித்த ஆராதனை வரிசையை மனசில் வைத்துக் கேட்கிறேன். மற்ற சபைக்காரர்களும் பதில் சொல்லலாம்.

பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றும் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம். புத்தகம் பார்க்காமல் வாயில் வந்துவிடுகிறது. சிக்கலே அதுதான். நாக்கு தன்பாட்டுக்கு ஓடும், மனசு மத்தியானக் குழம்பில் கிடக்கும். மாற்கு 7-ல் ‘உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள்’ என்று வருகிற இடத்தைப் படித்தால் நம்மைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது.

சரி, முறைமையே இல்லாத சபைக்குப் போனால் தீருமா என்று பார்த்தால் அங்கேயும் 3 வேகப்பாட்டு, 2 மெதுவான பாட்டு, கீபோர்டு சத்தம் தாழும்போது எல்லாருக்கும் கை உயரும். அதுவும் முறைமைதான், அச்சடிக்கவில்லை, அவ்வளவே.

கேட்க வந்தது இதுதான். பாரம்பரியத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எப்படிக் கண்டுபிடிப்பது? தினமும் தனியாக ஜெபிக்க உருப்படியான வழி என்ன? நிமிஷக் கணக்கோடு சொன்னால் நல்லது. உணர்ச்சி வராத நாளில் ஆராதித்தால் அது வேஷமா?

தரங்கைவாசி

தம்பி, மாற்கு 7-ஐ 6-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 13 வரை படியுங்கள். கைகழுவுகிற வழக்கத்தை வைத்துத்தான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் இயேசு கையைப் போடுகிற இடம் வேறு. பெற்றோருக்குச் சேரவேண்டிய உதவியை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு தாய் தகப்பனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. பக்தியின் பெயராலேயே ஒரு கட்டளையிலிருந்து நழுவுவதற்கு வழி. அவர் கண்டித்தது அந்த நழுவலை. பழைய வழக்கம் என்பதற்காகக் கண்டிக்கவில்லை.

அப்படி இருந்திருந்தால், லூக்கா 4:16-ல் ‘தம்முடைய வழக்கத்தின்படியே’ ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனவர் யார்? சிலுவையில் சொன்ன இரண்டு வார்த்தைகள் சங்கீதம் 22-லிருந்தும் 31-லிருந்தும் வந்தவை. உயிர்போகிற நேரத்தில் வாயில் வந்தது மனப்பாட ஜெபம். ஆகவே மனப்பாடத்தைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்ற முடியாது.

கண்டுபிடிக்கிற வழிக்கு எனக்குத் தெரிந்து நல்ல இடம் 2 இராஜாக்கள் 18:4. எசேக்கியா ராஜா உடைத்தது அந்நிய விக்கிரகத்தை மட்டுமல்ல, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் சேர்த்து. தேவனே செய்யச் சொன்னது அது, எண்ணாகமம் 21-ல் ஜனங்களைப் பிழைக்கவைத்தது. பிறகு அதற்கே தூபம் காட்ட ஆரம்பித்தார்கள். எசேக்கியா அதற்கு ‘நிகுஸ்தான்’ என்று பேரிட்டான், வெறும் வெண்கலத் துண்டு என்பதுபோல. ஆக, எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, இன்றைக்கு அது யாரைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வழக்கத்தை 4 வாரம் நிறுத்திப் பாருங்கள். ஜனங்கள் தேவனைத் தேடுவது குறைந்தால் அந்த வழக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. ‘எங்க தாத்தா காலத்து வழக்கத்தை நிறுத்த நீ யார்’ என்று சண்டை மட்டும் வந்தால் அது நிகுஸ்தான்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து எல்லார் கையிலும் ஒரு வசனம். அதிகம் வருவது எரேமியா 29:11, ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. அதற்கு முந்தின வசனத்திலேயே பாபிலோனில் 70 வருஷம் முடிய வேண்டும் என்று இருக்கிறது. 7-ஆம் வசனம், சிறைபிடித்துப்போன ஊரின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது. அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் உட்கார்ந்து படித்தால் அது ஆராதனை. பீரோ கண்ணாடியில் ஒட்டியதோடு விட்டால் லாட்டரிச் சீட்டு.

இனி முறைமை. அது ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாததால்தான் பாதி சலிப்பு. ஒரே ஓர் இடம் சொல்கிறேன். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது, அதன் நற்கருணை முறைமை 1950-ல் வந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வது அதில் காணிக்கைக்கு முன்னால் வருகிறது, பின்னால் அல்ல. மத்தேயு 5:23-24 அப்படியே: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, சகோதரனோடே ஒப்புரவாகு, பிறகு வா. நடைமுறையில் நாம் செய்வது என்ன? பக்கத்தில் நிற்கிற நம் ஆட்களுக்கு ஒரு கும்பிடு, ஒரு சிரிப்பு. பேச்சுவார்த்தை இல்லாதவர் நாலு வரிசை தள்ளி நிற்பார், கண் அந்தப் பக்கம் போகாது. அந்த 30 விநாடியில் 4 வரிசை நடந்து போவதுதான் அந்த முறைமை கேட்கிற செயல். அதைச் செய்தவருக்கு அடுத்த வாரம் முறைமை சலிக்காது, பயமாக இருக்கும்.

நற்கருணைப் பாத்திரமும் அப்படித்தான். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தமிழ்ச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் குடிப்பதை ஏற்காமல் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் விலகிப் போனார்கள். அவர்களும் பக்தியாய்ப் பாடினவர்கள்தான். 1 கொரிந்தியர் 11-ல் பவுல், நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். காரணம், பணமுள்ளவன் முந்திச் சாப்பிட்டான், இல்லாதவன் பசித்திருந்தான்.

இன்னொன்று. யோவான் 4:24-ல் ‘ஆவியோடும் உண்மையோடும்’ என்று படித்தவுடன் ‘மனசார, நடிப்பில்லாமல்’ என்று எடுத்துக்கொள்கிறோம். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் அலேத்தேயா. 14:6-ல் ‘நானே வழியும் சத்தியமும்’ என்கிற இடத்திலும் அதே சொல். தமிழில் ஓர் இடத்தில் உண்மை, இன்னோர் இடத்தில் சத்தியம் என்று வந்ததால் தொடர்பு கண்ணில் படவில்லை. தொழ வேண்டிய இடம் மலையா எருசலேமா என்று சமாரியப் பெண் கேட்டதற்கு, இடத்தைவிட்டு ஆளைக் காட்டுகிறார். மனசார ஆராதிப்பது அதில் அடங்கும். ஆனால் மனசார ஒரு தப்பான தேவனை ஆராதிக்கவும் முடியும், ஆரோன் செய்த பொன் கன்றுக்குட்டிச் சிலைக்கு முன் ஆடினவர்கள் நடிக்கவில்லை.

ஓலைக்கூரை

தரங்கைவாசி ஐயா முறைமையைச் சொல்லிவிட்டார். நான் தனி ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நாக்கைக் கவனியுங்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ‘நாங்கள்’, ‘நாம்’ என்று இரண்டு சொல். தேவனிடம் பேசும்போது ‘நாங்கள்’ தான் வர முடியும், ஏனென்றால் கேட்கிறவர் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. ‘எங்கள் பிதாவே’ என்கிறோம், ‘நமது பிதாவே’ என்பதில்லை. இப்போது கூட்டங்களில் ஜெபத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ஆண்டவரே, நாங்கள் உம்மிடத்தில் வருகிறோம்’ என்று தொடங்கி, இரண்டு நிமிஷத்தில் ‘நாம் ஒருமனமாய் இருக்க வேண்டும், நம்முடைய வாலிபர்கள்…’ என்று போய்விடும். அந்த ‘நாம்’ வந்த நொடியில் முகம் தேவனைவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குமேல் அது கண்மூடிய பிரசங்கம். தனியாக ஜெபிக்கும்போதும் ‘நாம்’ எட்டிப்பார்த்தால், மனசுக்குள் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது அலப்பல். மத்தேயு 6:7-ல் ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்று இருக்கிறது. நம் அலப்பல் எதுவென்றால் மூச்சுக்கு மூச்சு ‘அப்பா ஸ்தோத்திரம், ஆண்டவரே ஸ்தோத்திரம்’. அவை கெட்ட வார்த்தைகள் இல்லை. ஆனால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத இடத்தை நிரப்ப வருகின்றன, ‘வந்து… வந்து…’ என்று பேச்சில் வருவதுபோல. ஒரு வாரம், நிரப்ப வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா இருங்கள். முதல் இரண்டு நாள் 3 நிமிஷத்தில் ஜெபம் தீர்ந்துபோகும். பயப்பட வேண்டாம், இதுவரையும் உண்மையில் 3 நிமிஷம்தான் இருந்திருக்கிறது.

‘நீர், உம்முடைய’ என்று பேச வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. அது வேத நடையிலிருந்து வந்த மரியாதை, அழகானதுதான். ஆனால் வீட்டில் ‘நீங்க’ என்று பேசுகிறவருக்கு, ‘நீர்’ என்று தொடங்கியதும் கூடவே மொத்த ஜெபமும் புத்தகத் தமிழாகிவிடும், சொந்தக் கவலை அதில் நுழையாது. ‘கடன்காரன் நாளைக்கு வந்துடுவான், என்ன செய்யன்னு தெரியல’ என்பதை எந்தத் தமிழில் நினைக்கிறீர்களோ அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள். முடிவில் ‘இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே’ என்று முடிப்பதில் தப்பில்லை. ஆனால் அதை ஒரு நாள் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப்பாருங்கள். ‘இயேசுவின் மூலம்’ என்பது ரயிலை நிறுத்துகிற கொடி இல்லை. யாருடைய தகுதியில் இதுவரை பேசினோம் என்கிற அறிவிப்பு.

நிமிஷக் கணக்கு கேட்டீர்கள். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535-ல் தன் முடிதிருத்துநர் பேதுருவுக்கு எழுதிக் கொடுத்த முறை இன்றும் நன்றாக நடக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு விண்ணப்பம், அல்லது பத்துக் கட்டளைகளில் ஒன்று, இதுதான் ஒரு நாளுக்கு. கட்டளையை எடுத்தால் அதை நான்கு இழையாகப் பிரி: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், இதில் நான் எங்கே தவறினேன், இதைக் கைக்கொள்ள என்ன கேட்கிறேன்.

மாதிரிக்கு ‘பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’. கற்பிப்பது: பிறனுடைய பேரும் அவனுடைய சொத்துதான், அதைக் காக்கிறவர் தேவன். நன்றி: எனக்காக உண்மை பேசி என்னைக் காப்பாற்றின ஒருவர், அவர் பெயரோடு. அறிக்கை: உண்மையா என்று பார்க்காமல் வாட்ஸப்பில் தள்ளிவிட்ட அந்தச் செய்தி, யாரைப் பற்றியது என்பதோடு. விண்ணப்பம்: அதே குழுவில் ‘அது தப்பு’ என்று எழுதத் தைரியம். கடைசி இழை முடிந்ததும் போனை எடுத்து அதைச் செய்துவிட வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் 3 நிமிஷம், முன்னால் 2 நிமிஷம் அமைதி, ஒரு சங்கீதத்துக்கு 4 நிமிஷம், மொத்தம் 18. பத்து நாளில் பத்துக் கட்டளையும் ஒரு சுற்று வந்துவிடும்.

எங்கே கெடும் என்றால், நாலு இழையையும் முடித்தே ஆக வேண்டும் என்று நினைக்கும்போது. லூத்தரே சொல்கிறார், ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கேள் என்று. அதே எழுத்தில் அவர் காட்டுகிற உவமை: கத்தி கையில் இருக்கும்போது வாய் ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் இருக்கிற முடிதிருத்துநர், வாடிக்கையாளரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார். உங்கள் மத்தியானக் குழம்புக்கு அதுதான் பதில்.

திறந்தவெளி

மன்னிக்கணும், எழுதிவைத்த ஜெபம் ஜெபமே இல்லை. ரோமர் 8:26-ல் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறதே. லூத்தர் முறை, 1950 முறை, எல்லாம் மனுஷர் போட்ட கற்பனைகள். சுதந்தரமாய் ஆராதிக்கிறதை விட்டு ஏன் மறுபடியும் புத்தகம்?

தரங்கைவாசி

பிரதர், அந்த வசனத்தின் முதல் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால்’. தெரியாதவனுக்கு உதவி என்கிறது, எழுத்துக்கு எதிராகப் பேசவில்லை. 150 சங்கீதங்களும் எழுதிவைத்த ஜெபங்கள்தானே. முதல் நூற்றாண்டு சபைகளுக்குச் சொன்ன திதாகே என்கிற பழைய போதனையில், கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு 3 தரம் சொல்லச் சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். 1 சாமுவேல் 1-ல் அன்னாள் எந்த முறைமைக்கும் உட்படாமல் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். முறைமையின் காவலரான ஆசாரியர் ஏலி, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். புத்தகத்தோடு நிற்கிறவர்கள் செய்கிற தப்பு அதுதான்.

மூணரைக்கட்டை

பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆராதனை என்றாலே பாட்டு என்று ஆகிவிட்ட காலம் இது. நடத்துகிறவர்களுக்குச் சில விஷயம்.

சபை பாடவில்லை என்றால் ‘எழுப்புதல் இல்லை’ என்று திட்டுவதற்கு முன்னால் சுருதியைப் பாருங்கள். ஒலிப்பதிவில் கேட்ட சுருதியிலேயே வாசிக்கிறோம். அது பயிற்சி பெற்ற ஒற்றைக் குரலுக்கு வைத்தது. சபையில் ஆண், பெண், பாட்டி, பிள்ளை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். மெட்டின் உச்ச ஸ்வரம் மேல் ஸ்தாயியில் 2 கட்டையை (கீபோர்டில் D) தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் கூட வருவார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு மூன்று தரம் கீழே அழுத்தினால் தீர்கிற காரியத்துக்கு உபவாசக் கூட்டம் போட வேண்டாம்.

சத்தத்துக்கு ஒரு சோதனை. மூன்றாவது சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்துங்கள். சபையின் குரல் கேட்டால் சரி. மேடை மைக்கில் நிற்கிற நாலு பேர் குரல் மட்டும் கேட்டால் இதுவரை சபை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஆமோஸ் 5:23-ல் ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்று சொன்னது ஸ்பீக்கரைப் பற்றி இல்லைதான், அடுத்த வசனம் நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவருவதைக் கேட்கிறது. ஆனாலும் இரைச்சல் என்கிற சொல் நமக்குப் பொருந்திவிடுகிறது.

‘ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது வீண்வார்த்தையா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். சங்கீதம் 136-ஐப் பாருங்கள். 26 வசனம், 26 தரமும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’. ஆனால் ஒவ்வொரு தரமும் அதற்கு முன்னால் ஒரு புதுக் காரியம்: வானம், சூரியன், செங்கடல், ஆகாரம். பல்லவி ஒன்றுதான், சரணம் நகர்கிறது. நம் கீர்த்தனைகளின் கட்டுமானமும் அதேதான், பல்லவிக்குத் திரும்புகிறபோதெல்லாம் சரணம் அதன் பொருளைக் கூட்டியிருக்கும். ஒரு பாட்டில் அவர் யார், என்ன செய்தார் என்று ஒரு வரியும் இல்லாமல், நான் உருகுகிறேன் நான் கரைகிறேன் என்று மட்டும் 15 தரம் வந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ‘நான்’ வருவதே தப்பு என்று அடித்துவிடாதீர்கள், சங்கீதம் 51 முழுக்க நான்தான்.

கீர்த்தனை ‘பழைய மரபு’ என்று ஒதுக்குகிற வாலிபர்களுக்கு ஒரு தகவல். தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்தது 1706-ல். ஜெர்மன் பாட்டுகளை மெட்டோடு தமிழாக்கிப் பாடினதுதான் அந்தச் சபைகளில் முதல் மரபு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம் தாளத்தோடும், குறவஞ்சி மாதிரி நாட்டுவடிவத்தோடும் பாடினது அவர் காலத்தில் புதுசு. இன்றைய பழசுக்கெல்லாம் ஒரு புதுசு காலம் உண்டு. ஆக, பழசா புதுசா என்று பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஒரு புதுப்பாட்டு, ஆராதனைக்கு 10 நிமிஷம் முன்னால் சொல்லிக்கொடுத்து, அடுத்த 3 வாரம் தொடர்ந்து பாடினால் ஜனங்களுக்குச் சொந்தமாகும். வாரத்துக்கு இரண்டு புதுசு என்றால் புரொஜக்டர் திரையை வாசிப்பதோடு சரி.

கடைசியாக, ஜெப நேரத்தில் கீழே கீபோர்டு இழுத்துக்கொண்டே இருக்கும் பழக்கம். ஒரு மாதம் நிறுத்துங்கள். அப்போதும் ஜெபம் நடந்தால் ஜெபம் இருந்தது.

வைகைக்கரை

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. திருப்பலியில் (எங்கள் நற்கருணை ஆராதனையில்) மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கெடுக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் ஏட்டில் எழுதியது. இலத்தீன் போய்த் தமிழ் வந்ததும் அந்த வழியில்தான். ஆனால் மொழி புரிவதும் உணர்ந்து பங்கெடுப்பதும் ஒன்றல்ல, பனைவிடலி கேள்வியே அதற்குச் சாட்சி.

தனிச் செபத்துக்கு, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி நாலு படி சொன்னார்: வாசி, சிந்தி, செபி, அமர்ந்திரு. 6 முதல் 10 வசனம் போதும், நற்செய்தியில் ஒரு காட்சி. முதல் தரம் வாய்விட்டு மெதுவாக. இரண்டாம் தரம் படிக்கும்போது எந்தச் சொல் தட்டுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். எல்லாரும் தடுக்குவது நாலாம் படியில். ஒன்றும் பேசாமல் 5 நிமிஷம் உட்காரச் சொன்னால் மனசு சந்தைக்குப் போகும். போனால் விரட்டிப் பிடிக்க வேண்டாம், தட்டின அந்த ஒரு சொல்லை மெல்லச் சொல்லித் திரும்பி வாருங்கள். பத்துத் தரம் போனால் பத்துத் தரம் திரும்புவதுதான் அன்றைய செபம்.

இன்னொரு தப்பு, வசனத்தைப் படித்ததும் ‘இதை யாருக்குச் சொல்லலாம்’ என்று தோன்றுவது. மறைக்கல்வி எடுப்பவர்களுக்கும் பிரசங்கிகளுக்கும் இது தொழில் நோய். அந்த 20 நிமிஷம் பேனாவை அடுத்த அறையில் வையுங்கள்.

பனைவிடலி

எல்லாருக்கும் நன்றி. ‘நாங்கள் / நாம்’ விஷயம் இனிக் காதில் விழுந்துகொண்டே இருக்கும்போல! இரண்டு மிச்சம். உணர்ச்சி வராத நாள் பற்றி யாரும் சொல்லவில்லை. குடும்ப ஜெபத்தை எப்படி உயிரோடு வைப்பது, பிள்ளைகள் எப்போ முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிற வீட்டில்?

ஓலைக்கூரை

முதலாவதுக்கு: உணர்ச்சி இல்லாமல் ஆராதிப்பது வேஷம் இல்லை. இருக்கிற மாதிரிக் காட்டுவது வேஷம். புதிய ஏற்பாட்டில் ‘தொழுதுகொள்’ என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் இருக்கிற பிரோஸ்குனேயோ என்கிற சொல்லுக்குக் குனிந்து பணிவது என்று பொருள், அது உடம்பு செய்கிற வேலை. ரோமர் 12:1-லும் சரீரங்களை ஒப்புக்கொடுப்பதைத்தான் ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறார். மனசு வராத நாளில் முழங்காலாவது வரட்டும்.

வறண்ட நாளுக்கென்றே சங்கீதம் 13 இருக்கிறது, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நாலு தரம் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறான். மூன்றிலும் நாலிலும் விண்ணப்பம், ஐந்திலும் ஆறிலும் நம்பிக்கை. ஒரு தாளில் அதே கட்டுமானத்தில் எழுதுங்கள்: நாலு ‘எதுவரைக்கும்’, உங்கள் சொந்தக் கேள்விகள். பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். பிறகு ‘நானோ’ என்று தொடங்கி ஒரு வரி. அந்தக் கடைசி வரி வரவில்லையா, விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கம், பசி எல்லாம் போய் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரையும் பாருங்கள்.

குடும்ப ஜெபத்துக்கு 10 நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது. முடியும் நேரம் தெரிந்தால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் தூங்கி விழுவார்கள், முன்னால் வையுங்கள். சுவிசேஷத்தில் 8 முதல் 12 வசனம், நாளுக்கு ஒருவர் வாசிக்கட்டும், வாசிக்கத் தெரியாத குட்டி பாட்டின் முதல் வரியை எடுத்துக்கொடுக்கட்டும். விளக்கம் வேண்டாம், ஒரே கேள்வி: ‘இதில் இயேசு என்ன செய்தார்?’ பிறகு ஆளுக்கு ஒரே வாக்கியம் ஜெபம், பெரியவர்களுக்கும் ஒரே வாக்கியம்தான். அப்பாவுக்குத்தான் இது கஷ்டம்.

முக்கியமாக, ஜெபத்தில் பிள்ளையைத் திட்டக் கூடாது. ‘ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கிற பிள்ளையாய் மாற…’ என்று தொடங்கினால், அது யார் காதுக்குப் போகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பதிலாக அப்பாவோ அம்மாவோ தன் தப்பை ஒரு வரியில் சொல்லட்டும்: ‘சாயங்காலம் தேவையில்லாமல் கத்தினேன், மன்னியும்.’ சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, யாரிடம் கத்தினோமோ அவரிடமும் கேட்டுவிட வேண்டும். சமாதானம், அப்புறம் காணிக்கை. ஐயா மேலே சொன்ன அதே வரிசை, சாப்பாட்டு மேசைப் பக்கத்தில்.

தரங்கைவாசி

ஒன்று சேர்க்கிறேன். ஞாயிறு பாவ அறிக்கைக்கு முன்னால் ஆயர் விடுகிற அமைதி பெரும்பாலும் 5 விநாடிதான், அதற்குள் ஒன்றும் நினைவுக்கு வராது. ஆகவே சனி இரவே இரண்டு வரி எழுதிப் பையில் வையுங்கள்: இந்த வாரம் செய்யக்கூடாததில் செய்தது ஒன்று, செய்ய வேண்டியதில் விட்டது ஒன்று. அறிக்கை வாசிக்கிற நேரத்தில் அந்தத் தாள் புத்தகத்தின் அதே பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். சமாதானம் சொல்லும்போது போக வேண்டிய வரிசை எது என்பதும் அநேகமாக அந்த இரண்டாவது வரியில் இருக்கும்.